வாரியலுக்குப் பட்டுக்குஞ்சம்

வாடே பேராண்டி, உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். திண்ணையிலயே உக்காரு. என்ன, பேண்டு அழுக்காயிரும்னு பாக்கியா? ஆனா ஆகிட்டுப் போகுது. துவைக்கதுக்குத்தானே துணி?

போன பொங்கலுக்கு என் பேரன் மெட்ராசுல இருந்து வந்தான். கையில ஒரு டப்பா. டப்பாவுக்குள்ள இன்னொரு டப்பா. அதுக்குள்ள வழுவழுன்னு கறுப்புக் காயிதம். பச்சப்புள்ளைக்குத் துணி மாத்துத மாதிரி பையப் பையப் பிரிக்கான். உள்ள என்ன இருக்குன்னு நெனைக்க? தண்ணிப் பாட்டில்.

'தாத்தா, இது சாதாரணப் பாட்டில் இல்ல, ஸ்மார்ட் பாட்டில்'ங்கான். என்னடே செய்யும்னு கேட்டேன். மணிக்கொரு தடவை மூடியில நீல வெளிச்சம் மின்னுமாம். மின்னுனா தண்ணி குடிக்கணுமாம். எவ்வளவு குடிச்சேன்னு அது செல்போனுக்குத் தாக்கல் சொல்லுமாம். 'ஏலே, தாகம் எடுத்தா ஒனக்குத் தெரியாதா?'ன்னேன். 'வேலை மும்முரத்துல மறந்துருது தாத்தா'ங்கான். அடப்பாவி மக்கா! உச்சிப்பொழுது ஆனா எங்க ஊர் மாடு அதுபாட்டுக்குத் தொட்டியப் பாத்து நடக்கும். அதுக்கு எவன் விளக்கு மின்னிக் காட்டுனான்? இவன் பதினேழு வருசம் படிச்சவன். தாகத்துக்கு ஆள் வச்சிருக்கான்.

அடுக்களையில இருந்து ஆச்சி எட்டிப் பாத்தா. பாட்டில மேலயும் கீழயும் ஒரு பார்வை. ஒரே ஒரு சொல்லுதான் சொன்னா. 'பவுசு!' உள்ள போயிட்டா.

எனக்கு அங்கன பிடிச்சது யோசனை. நம்ம ஆளுக பேச்சுல சோத்துக்கு எத்தனை சொல்லு வச்சிருக்கான்? சோறு, சாதம், அன்னம். ஒரு கை விரல்லயே மடக்கி முடிச்சிரலாம். வேண்டாத மினுக்குக்கு? பவுசு, பகட்டு, மினுக்கு, தளுக்கு, ஜம்பம், டம்பம், டாம்பீகம், படாடோபம், ஆடம்பரம், சொகுசு, சோக்கு, ஒய்யாரம், தடபுடல், பந்தா. இதுல வெட்டிச் செலவு, தண்டச் செலவு, வீண் செலவையெல்லாம் சேத்தா கை விரல் பத்தாது, செருப்பக் கழட்டிட்டுக் கால் விரலையும் மடக்கணும். பாதிப் பேருக்கு ஒரு வேளைக் கஞ்சிக்கே வழியில்லாமக் கெடந்த சீமைடே இது. இங்ஙன வந்து மினுக்குக்கு இத்தனை சொல்லா? எதுக்கு?

இந்தக் கேள்விய எங்க சேக்காளிகிட்ட கொண்டு போனேன். தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வானவரு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924-ல ஆரம்பிச்சு 1936 வரைக்கும் ஆறு தொகுதியாப் போட்ட தமிழ்ப் பேரகராதி அவர் வீட்டுல இருக்கு. லட்சத்துக்கு மேல சொல்லு. ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லு கனம். மருமவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. 'தண்டத்துக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு கெடக்கு'ம்பா. மனுசன் காதுல வாங்க மாட்டாரு. மூக்குக் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு, அந்தத் 'தண்டம்' எங்கன இருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சிருவாரு.

தேடித்தான் சொன்னாரு. தண்டம்னா மொதல்ல வெறும் கம்பு. சாமியார் கையில இருக்கே, அது. பெறகு கம்பால அடிக்கது. பெறகு அடிக்குப் பதிலா வாங்குத அபராதம். அபராதங் கட்டுனா கைக்கு என்னடே வரும்? ஒண்ணும் வராது. அப்படித்தான் கையில ஒண்ணும் வராத செலவெல்லாம் தண்டச் செலவு ஆச்சு. பாத்தியா, கம்பு எங்கன கெடந்து எங்கன வந்து நிக்கின்னு!

ஆடம்பரம் இருக்கே, அது வடமொழியில ஒரு பறைக்குப் பேரு. முரசு மாதிரி ஒரு கொட்டு. பெறகு அந்தப் பெருஞ் சத்தத்துக்கு ஆகி, யானை பிளிறுததுக்கும் ஆகி, கடேசியில மனுசன் பிளிறுததுக்கு வந்து சேந்துட்டு. நான் சிரிச்சிட்டேன். போன ஆவணியில எங்க தெருவுல ஒரு கல்யாணம். நாகசுரம் இருக்கு, தவில் இருக்கு. அது பத்தாதுன்னு கேரளத்துல இருந்து செண்டை மேளம். அதும் பத்தாதுன்னு ராத்திரி டி.ஜே. ஓட்டுக்கூரை அதிருது. எங்க வீட்டுக் கோழி ரெண்டு நாளு முட்டை போடல. சொல்லு சுத்திச் சுத்திப் பொறந்த ஊருக்கே திரும்பி வந்துட்டுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

படாடோபத்தக் கேளு. அதுதான் எனக்குப் பிடிச்சது. பாம்பு படத்த விரிக்குதே, அதுக்குத்தான் வடமொழியில அந்தப் பேரு. பஞ்சதந்திரத்துல அதப் பத்தி ஒரு புத்தி சொல்லியிருக்காம். விசமில்லாத பாம்பா இருந்தாலும் படத்த நல்லா விரிச்சுக் காட்டணும், பாக்கவன் பயந்து ஒதுங்கிருவான்னு. அதைப் பிடிச்சுக்கிட்டான் நம்மாளு. எங்க ஊருல ஒருத்தன் கார் வாங்கியிருக்கான். தெரு ஏழு அடி, கார் ஆறு அடி. கதவத் தொறந்து எறங்க முடியாது. ஊர் எல்லையில நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்து வாறான். மாசம் அஞ்சாந்தேதி தவணைக்காரன் போன் அடிச்சா காட்டுப் பக்கம் போயிருதான். சாரைப்பாம்பு படம் எடுக்குமாடே? எடுக்காது. இவன் தவணையில எடுக்கப் பாக்கான்.

டம்பமும் டாம்பீகமும் ஒரு வயித்துப் புள்ளைக. வடமொழியில அதுக்கு அர்த்தம் என்னங்க? கபடம், வேசம். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. நம்ம ஆச்சிமார் அதையே அகராதி பாக்காம ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ள இருக்கது ஈரும் பேனும்னு சொல்லிட்டுப் போயிட்டாக. சொகுசு பாவம், குத்தமில்லாத சொல்லு. தெலுங்குல அதுக்கு அழகு, நளினம். தியாகராசர் பாட்டுலயெல்லாம் அது அழகுதான். நம்மகிட்ட வந்து மெத்தையில படுத்துட்டு. சோக்கும் அப்படித்தான். பாரசீகம், உருது வழியா வந்தது. அங்க அது ஆசை. இங்க மைனர் செயின்.

எல்லாத்துலயும் எனக்கு மனசு நொந்தது 'வெட்டி'க்குத்தான். வெட்டிப்பய, வெட்டிப்பேச்சு, வெட்டிச் செலவுங்கோமே, அந்த வெட்டி சோழர் காலத்துக் கல்வெட்டுல நெறைய வருதாம். அர்த்தம் என்ன தெரியுமா? கூலி இல்லாம வாங்குத வேலை. ஏரிக்கரை போடு, வாய்க்கால் வெட்டு, மூட்டை சுமன்னு ஆளப் பிடிச்சுக்கிட்டுப் போவாக. சோறுங் கிடையாது, காசுங் கிடையாது. பாத்துக்கோ. வேலை செஞ்சவன் வெட்டியாப் போனான். செய்யச் சொன்னவன் கல்லுல பேரு எழுதிக்கிட்டான். சொல்லுக்கும் சாதி பாக்கத் தெரியும்டே.

இங்கிலீசுச் சொல்லு மட்டும் யோக்கியம்னு நெனைக்காத. லக்சுரிங்கியே, அதோட லத்தீன் தாயாருக்கு அளவு மீறுததுன்னு அர்த்தம். கிறிஸ்தவச் சாமியார்மார் ஏழு பெரிய பாவம்னு ஒரு பட்டியல் வச்சிருந்தாகளே, அதுல அது ஒண்ணு. பழைய இங்கிலீசுல லக்சுரின்னா பச்சையாச் சொன்னாக் காமவெறி. அந்தக் காலத்துச் சாமியார் ஒருத்தர எழுப்பி நம்ம பழைய மாமல்லபுரம் ரோட்டுல கொண்டாந்து விட்டுப் பாரு. வழி நெடுக 'லக்சுரி வில்லா', 'லக்சுரி அபார்ட்மெண்ட்'னு போர்டு. மனுசன் சிலுவை போட்டுக்கிட்டே ஓடிருவாரு.

ப்ரீமியத்துக்கும் கேட்டேன். எனக்குத் தெரிஞ்சு ப்ரீமியம்னா எல்.ஐ.சி.க்குக் கட்டுதது. செத்தாத்தான் பலன். இப்ப ப்ரீமியம் அரிசி, ப்ரீமியம் ஊறுகா, ப்ரீமியம் ஊதுபத்தின்னு எல்லாத்துலயும் ஒட்டிருக்கான். லத்தீன்ல அதுக்கு வெகுமானம்னும் பொருளாம், கொள்ளையில எடுத்த பொருள்னும் பொருளாம். வாத்தியார் வாசிச்சுட்டு என்னைப் பாத்தாரு. நான் அவரப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

அந்தக் காலத்துக் கொட்டகைக்காரன் நேர்மையானவன்டே. தரை, பெஞ்சு, சேர், சோபான்னு நாலே சொல்லு. எதுல உக்காரப் போறோம்னு டிக்கெட்டுலயே தெரிஞ்சிரும். தரைக்குக் காசு கொடுத்தவன் மணலக் குமிச்சு மேடாக்கி உக்காருவான். சோபாவுல உக்காந்தவனுக்கு மூட்டைப்பூச்சி சும்மா கெடைக்கும். இன்னைக்கு பஸ்ஸுல ஏறு. டீலக்ஸ், சூப்பர் டீலக்ஸ், அல்ட்ரா டீலக்ஸ். ஒரு மழை நாளு, பேருலயே டீலக்ஸ் உள்ள பஸ்ஸுல வந்தேன். மேல இருந்து சொட்டுச் சொட்டா எம்மேல. 'என்னய்யா இது?'ன்னு கண்டக்டரக் கேட்டேன். 'ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்க பெரியவரே'ன்னாரு. தள்ளி உக்காந்தேன். அங்க ஜன்னல் மூட மாட்டேங்கி. டீலக்ஸ்னா பிரெஞ்சுல சொகுசானதுன்னு வாத்தியார் பெறகு சொன்னாரு. நனைஞ்சது சொகுசாத்தான் இருந்துச்சு.

சரி, இதெல்லாம் சொல்லோட கதை. சாமானோட கதையக் கேளு. அது இன்னும் வேடிக்கை.

நான் சின்னப்புள்ளையா இருக்கையில எங்க கரிசக்காட்டுல நெல்லுச்சோறுன்னா தீவாளி, பொங்கல், பெறகு யார் வீட்டுலயாச்சும் கல்யாணம், கருமாதி. மத்த நாளு பூரா கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலி. காய்ச்சல் வந்தா நெல்லுக் கஞ்சி கெடைக்கும்னு காய்ச்சல் வராமலே போத்திப் படுத்த பயலுவ உண்டு. பேரு சொல்ல மாட்டேன், ஒனக்கு எதுக்கால உக்காந்திருக்கான். நெல்லுச்சோறு திங்கவன் பவுசுக்காரன், கம்பங்கூழு குடிக்கவன் இளப்பம். பெண்ணு கேட்டு வந்தா 'மாப்பிள்ளை வீட்டுல நெல்லுச்சோறா?'ன்னுதான் மொதக் கேள்வி.

இப்ப? 2011 ஜூன் மாசத்துல இருந்து ரேசன்ல அரிசி சும்மா கொடுக்கான். நெல்லுச்சோத்தோட பவுசு அன்னைக்கே போச்சு. கம்பு என்னாச்சு? 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. சபையே சொல்லிட்டு. கம்பு 'மில்லட்' ஆச்சு. பேரன் அதையும் கொண்டாந்தான். அரைக் கிலோ. பையில ஒரு கண்ணாடி ஜன்னல், அது வழியாக் கம்பு எட்டிப் பாக்கு. பின்னாடி பூரா இங்கிலீசு. ஆச்சி கையில எடுத்துப் பாத்துட்டு, 'இதத் திங்க முடியாமத்தானடா ஒங்கப்பன மெட்ராசுக்கு அனுப்புனோம்'ன்னா. பய பேசல.

கருப்பட்டியும் அப்படித்தான். வீட்டாளுக்குக் கருப்பட்டிக் காப்பி. விருந்தாளி வந்தாத்தான் வெள்ளைச் சீனி. அடுக்குப் பானையில ஒளிச்சு வச்சிருப்பா எங்கம்மா. விருந்தாளி குடிச்சு வச்ச தம்ளர்ல அடியில கரையாமக் கெடக்க சீனிய விரலால வழிச்சுத் திங்க எனக்கும் என் தம்பிக்கும் அடிதடி நடக்கும். இன்னைக்கு நாலுவழிச் சாலையில போ. மைலுக்கொரு 'கருப்பட்டிக் காப்பி' போர்டு. கார்க்காரன் வரிசையில நிக்கான். சீனிக் காப்பிய விட அதுக்கு வெலை கூட. செக்குல ஆட்டுன எண்ணெய்க்கு 'கோல்ட் ப்ரெஸ்ட்'னு பேரு வச்சதும் ரெண்டு மடங்கு ஆயிட்டு. நட்சத்திர ஓட்டல்ல மண்சட்டியில பழைய சோறு வைக்காகளாம், சின்ன வெங்காயம் தனியாம். காப்பியே ஒரு காலத்துல வேண்டாத பழக்கம்னு பெரியவங்க திட்டுன சாமான்தான். நீராகாரத்த விட்டுட்டுக் கறுப்புத் தண்ணி குடிக்கானேன்னு வயிறெரிஞ்சிருக்காக. ஆ. இரா. வேங்கடாசலபதி அதப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்காரு, 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ன்னு. இன்னைக்குக் காப்பி இல்லாம எந்தப் பெரியவர் திட்ட ஆரம்பிக்காரு?

அப்போ கம்பு ஆடம்பரமா, நெல்லு ஆடம்பரமா? சீனியா, கருப்பட்டியா? எதுவும் இல்லடே. எவன் கையில இருக்கு, எவன் பாத்துக்கிட்டு நிக்கான், அதுலதான் கெடக்கு சூட்சுமம். நான் வாங்குனா தேவை. நீ வாங்குனா வசதி. அடுத்த வீட்டுக்காரன் வாங்குனா ஆடம்பரம். நம்ம வயல்ல கூலிக்கு வாறவன் வாங்குனா? கொழுப்பு. சாமான் ஒண்ணுதான். படி எறங்க எறங்கப் பேரு மாறும்.

மிக்சிக் கதை ஒனக்குத் தெரியுமே. 2011 செப்டம்பர்ல அரசாங்கம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்துச்சு. அதுக்கு முன்னாடி 2006-ல டி.வி. 'எல்லாத்தையும் ஓசியில கொடுத்து சனங்களச் சோம்பேறி ஆக்குதான்'னு பெரிய பெரிய ஆளுகயெல்லாம் பேசுனாக. ஏசி ரூம்ல உக்காந்துதான் பேசுனாக. அவுக வீட்டுல மிக்சி இருபது வருசமா ஓடுது, அது தேவை. இங்க வந்தா வீண். ஆச்சி நாப்பது வருசம் ஆட்டுக்கல்லோட மல்லுக் கட்டுனவ. வலது தோள்பட்டை எறங்கிப் போயிருக்கும், பாத்திருப்ப. கிரைண்டர் வந்த அன்னைக்கு அரிசியப் போட்டுட்டு, அது சுத்துதப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா. அரை மணி நேரம். நான் போய் 'என்ன, தூங்கிட்டியா?'ன்னேன். 'இல்ல, சும்மா இருக்கேன்'ன்னா. அவ சும்மா இருந்து நான் பாத்தது அன்னைக்குத்தான். அதையும் இலவசம்னு சொல்லக் கூசி 'விலையில்லா'ன்னு பேரு வச்சாக. கம்பெனிக்காரனுக்கு நெலத்தையும் கரண்டையும் எறக்கிக் கொடுத்தா அதுக்குப் பேரு 'ஊக்கச் சலுகை'. பேரு வைக்கவன் கெட்டிக்காரன்டே. கொடுக்கவனை விட, வாங்குதவனை விடக் கெட்டிக்காரன்.

கவர்மெண்டுக்கும் இந்தச் சொல்லுல கிறுக்கு உண்டு. ஆடம்பர வரின்னே லாட்ஜ் ரூமுக்கு வரி இருந்துச்சு. வேற மாநிலத்துல புகையிலைக்கும் அந்தப் பேருல வரி போட்டுட்டான். 'புகையிலை ஆடம்பரமா?'ன்னு வழக்கு போயி, 2005-ல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிக உக்காந்து ரோசனை பண்ணுனாக. ஆடம்பரம்ங்கிறது சாமான் இல்ல, அதை அனுபவிக்குத செயல்னு முடிவு. வாத்தியார் இத வாசிச்சப்ப நான் வெத்தலையோட புகையிலைத் துணுக்க அதக்கிக்கிட்டு இருந்தேன். அப்படின்னா பொட்டணம் ஆடம்பரம் இல்ல, என் கடவாய்தான் ஆடம்பரம்! ஒடனே துப்பிரலாமான்னு பாத்தேன். பெறகு வரி கேட்டு யாரும் வரலயேன்னு மென்னுட்டேன்.

பரோட்டாவக் கேளு. 2020-ல கர்நாடகத்துல ஒரு உத்தரவு. சப்பாத்தி வேற, பாக்கெட்டுல வார பரோட்டா வேற. சப்பாத்திக்கு நூத்துக்கு அஞ்சு வரி, பரோட்டாவுக்குப் பதினெட்டு. விருதுநகர்க்காரன் காதுல விழுந்தா என்ன பாடு படுவான்! 2025 செப்டம்பர் 22-ல ரெண்டுக்கும் வரி இல்லன்னு ஆக்கிட்டாக. பரோட்டா பிழைச்சுது. அதே நாளுல மேலதிகப் பகட்டுக்குன்னு நூத்துக்கு நாப்பது வச்சாக. அந்தப் பந்தியில யார் யாரு உக்காந்திருக்கான்னு பாரு. சொந்த விமானம், உல்லாசப் படகு, நீளக் காரு, 350 சிசிக்கு மேல மோட்டார் சைக்கிள். அவனுகளுக்கு நடுவுல, தோள் இடிச்சுக்கிட்டு, பெட்டிக்கடைக் கோலாப் பாட்டிலு. பதினஞ்சு, இருவது ரூவாச் சாமான். நீ வெயிலுக்கு ஒண்ணு ஒடைச்சுக் குடிச்சா, அந்த நிமிசம் நீயும் கப்பல்காரனும் ஒரே சாதி. நெஞ்ச நிமித்திக் குடி.

இதுவரைக்கும் சிரிச்சாச்சு. இப்ப ஒரு சொலவடை சொல்லுதேன், சிரிக்காமக் கேளு. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான். நானும் சின்ன வயசுல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கார்க்காரனப் பாத்து அன்னைக்கும் சொன்னேன். வாத்தியார் என்னைத் தடுத்து, 'இதை மொத மொத யாரு சொல்லியிருப்பான்னு நெனைக்கீரு?'ன்னு கேட்டாரு. நான் முழிச்சேன். 'குடை வச்சிருந்தவன்தானவே சொல்லியிருப்பான்'ன்னாரு.

இந்தா, தெக்க ரெண்டு மணி நேரப் பயணம். திருவிதாங்கூர்ச் சீமை. அங்க நாடார் சனங்க குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்கம் பூட்டக் கூடாது, மாடி வச்சு வீடு கட்டக் கூடாது. பொம்பளையாளு மாருல சீலை போடக் கூடாது. போட்டா அடி, கிழி. எத்தனை வருசம் சண்டை! 1859-லதான் மகாராசா உத்தரவு போட்டாரு, மூடிக்கிடலாம்னு. அதுலயும் ஒரு கொக்கி, மேல்சாதிக்காரி போடுத மாதிரி போடக் கூடாதாம். வெயிலுக்குக் குடை ஆடம்பரம். முள்ளுக்குச் செருப்பு ஆடம்பரம். மானத்துக்குச் சீலை ஆடம்பரம். எவனுக்கு? பாத்துக்கிட்டு நின்னவனுக்கு. அவ்வளவு தூரம் ஏன் போகணும்? எங்க ஊர்லயே ஒரு தெருவுக்குள்ள செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்த ஆளுகள இந்தக் கண்ணு பாத்திருக்கு. எங்க திண்ணையில இருந்து பாத்துச்சு. அன்னைக்கு அந்தத் திண்ணையில சத்தமாச் சொன்ன சொல்லு என்னன்னு நெனைக்க? அந்த ஆளுகள்ல ஒருத்தரோட பேரன் புதுச்செருப்பு போட்டு வந்தப்பச் சொன்னது? 'பவுசப் பாரு.' சொன்னவரு எங்க தாத்தா. நானும் கூடச் சிரிச்சேன். எட்டு வயசு எனக்கு.

அதுக்குப் பெறகு அந்தச் சொல்லு வாயில வந்தா கொஞ்சம் யோசிச்சுத்தான் வெளிய விடுதேன். வாரியலுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுதவனப் பாத்தா இன்னைக்குஞ் சிரிப்பேன், அது வேற. வாரியல் குஞ்சங் கேக்கல. கேட்டிருந்தா ஒருவேளை கட்டிக் கொடுத்திருப்பேன். அதும் தெனம் குப்பையோடதானே மாரடிக்கி.

என்ன, எழுந்திருக்க? காப்பி வருது, இரு. கருப்பட்டிதான். ஒனக்காக இல்ல, சீனி ஆச்சிக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

ஆங், அந்தப் பாட்டில் என்னாச்சுன்னு கேக்கலயே நீ? பேரன் போகையில மறந்து விட்டுட்டுப் போயிட்டான். தண்ணி குடிக்கச் சொல்லி ஞாபகப்படுத்துத சாமானையே மறந்துட்டுப் போறான், அவன் சமத்து அப்படி. கட்டில் ஓரமா வச்சிருக்கேன். தண்ணி ஊத்தல. தண்ணி குடத்துல இருக்கு. ஆனா ராத்திரி மணிக்கொரு தடவை நீலமா மின்னுதுலா? கண்ணு மங்கல் எனக்கு. ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கையில அந்த வெளிச்சத்துலதான் செருப்பையும் கம்பையும் துழாவி எடுக்கேன். ரெண்டு மாசமா வாசப்படியில இடறி விழல. ஆச்சி தெனம் பாத்துட்டு, 'கெழவன் பவுசப் பாரு'ங்கா. சொல்லட்டும். எனக்கு அது தேவை.

நாலு நாளா மின்ன மாட்டேங்கி. சார்ஜ் தீந்துட்டுன்னு பக்கத்து வீட்டுப் பய சொன்னான். அதுக்குன்னு ஒரு வயர் உண்டாம்லா, அதைப் பேரன் கையோட கொண்டு போயிட்டான். நீ மெட்ராசுக்குத்தானே போற? அவனப் பாத்தா, அடுத்த தடவை வாறப்ப எடுத்துட்டு வரச் சொல்லு. ஆச்சிக்குக் கேக்காம, பையச் சொல்லு.